எச்சரிக்கையும் அறமும்

ஆபத்தை அறிவித்தவுடன் அறிவித்தோரின் கடமை முடிந்துவிடுமா?

அல்ப்ஸ் மலையிற் பனிச்சறுக்கச் செல்வோன், பருவத் தொடக்கத்தின் நலிந்த பனியடுக்கின்மீது புதுப்பனி ஏறினால் அது சரியக்கூடும் என்பதை அறிவான். அறிந்து திரும்பினால் அவன் இழப்பது ஒருநாள் இன்பமே.

கண்டி – மாத்தளை வீதியிலுள்ள அலவத்துகொடையின் சரிவுகளில் வாழ்வோர் நிலை வேறு. மண்ணுட் புகும் நீர் அதன் பிடிப்பைத் தளர்த்துகின்றது. ஆதலின் 24 மணி நேர மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பு, 100ஐக் கடந்தால் எச்சரிக்கை, 150ஐக் கடந்தால் வெளியேற்றம் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ளது. எனினும் 2025 நவம்பரில், டித்வா புயல் மழையின்போது, இப்பகுதியிலும் மண்சரிவு உயிர்களைக் கொண்டது.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஆபத்து முன்னரே உணர்த்தப்பட்டிருந்தது. மாற்று வீடுகளோ அமையவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் லயன் குடியிருப்புகள் மண்ணுட் புதைந்தன.

எச்சரிக்கை கேட்டு ஓரிரவு வெளியேறுதல் குடியிருப்போன் கடமையே. ஆனால், ஒவ்வொரு மழைக்கும் அஞ்சியோடி அதே சரிவுக்கு மீளும்படி அவனை விட்டுவைத்தல் சமூகத்தின் குற்றமாகும். தெரிவு உள்ளவனுக்கு அறிவித்தல் போதும். தெரிவு அற்றவனுக்குப் பாதுகாப்பான நிலமும் அளித்தல் வேண்டும். அதுவரை எச்சரிக்கை அரைக் கடமையே.