மெய்வழிபாடு

வழிபாடு ஆலய வாயிலோடு முடிந்துவிடுவதா? சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் உண்டெனில், காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் அவனோடு ஒப்புரவாகும்படி மலைப்பிரசங்கத்தில் இயேசு பணித்தார். ஒப்புரவானபின் மீண்டும் வந்து காணிக்கை செலுத்தவும் சொன்னார். எனவே காணிக்கையின் தகுதி அயலானோடுள்ள உறவிலே தங்கியுள்ளது.

அவ்வாறாயின் சமூகத்தொண்டே போதும், திருப்பலி எதற்கு என வினவுவோர் உளர். எல் சல்வடோரின் பேராயர் ஒஸ்கார் ரொமேரோவை அவர்கள் நினைந்து பார்த்தல் தகும். மக்களைக் கொல்லும் கட்டளைக்குப் பணியவேண்டாமெனப் படையினரை நோக்கி 1980 மார்ச் 23இல் அவர் விடுத்த அறைகூவல் மறையுரையிலேயே எழுந்தது. மறுநாள் திருப்பலி நிறைவேற்றுகையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரிடத்தில் பீடமும் வீதியும் வேறாகவில்லை.

தொண்டற்ற வழிபாடு வெறுஞ் சடங்காகும். வழிபாடற்ற தொண்டோ தன்னையே தெய்வமாக்கிக்கொள்ளக் கூடும். நம் செபத்தின் மெய்ம்மையை அளக்கவேண்டிய இடம் ஆலயத்துக்கு வெளியே உள்ளது.