வித்தையும் உடைமையும்

ஒருவன் தன் உழைப்பாற் கண்டறிந்த நுட்பத்தைப் பிறர் அறியாவண்ணம் ஒளித்து வைப்பது அறமாகுமா? நிலமும் ஆலையும் யாருக்குரியவை என்று வினவப் பழகிய நாம், கைத்திறன் யாருக்குரியது என்று வினவுவது குறைவு. இவ்வினாவுக்கு நல்லதோர் உரைகல்லாக அமைவது நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியிற் பிறந்த ஒரு கலை. சுழலும் இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து, அதிற் பதிந்துள்ள ஒலியிலிருந்து புதிய தாளத்தை ஆக்கும் கலை அது. ஆங்கிலேயர் ஸ்கிராச் என்பர். தமிழில் நேரே பெயர்ப்பின் சுரண்டல் என்றாகும். அச்சொல்லையோ நமது அரசியல் வேறொரு கருமத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. ஆதலின் உரசல் என்றே கொள்வோம்.

முதலில் இதன் தொழிற்பாட்டை அறிதல் வேண்டும். இசைத்தட்டுகளைச் சுழற்றும் இரு பொறிகள். அவற்றிடையே இரண்டின் ஒலியையும் கலக்கும் சிறு பெட்டி. ஒரு கை தட்டைத் தள்ளியும் இழுத்தும் நிற்க, மற்றக் கை பெட்டியிலுள்ள நழுவுகட்டையை நகர்த்தி ஒலியைத் திறந்தும் அடைத்தும் வெட்டுகின்றது. தட்டின் கீழே விரித்த கம்பளித் துணி, கீழ்த்தட்டம் சுழன்றுகொண்டிருக்கவே மேலுள்ள இசைத்தட்டைக் கை நிறுத்திப் பிடிக்க இடமளிக்கின்றது. யப்பானின் மற்சுஷிற்றா நிறுவனம் 1972இல் வெளியிட்ட ரெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 என்னும் பொறி, வார்ப்பட்டியின்றி மோட்டராலேயே நேரே சுழல்வது; ஆதலால் இத்தொழிலுக்கு மிகவும் ஏற்றதாயிற்று. வீட்டிலிருந்து இசை கேட்போரை எண்ணிச் செய்யப்பட்ட பண்டம், வாங்கியவர் கையில் வாத்தியமாயிற்று. செய்த நிறுவனம் இதனை எண்ணியிருக்குமா என்பது ஐயமே.

பயிற்சியோ எளிதன்று. தொடக்கத்தில் நழுவுகட்டையைத் தொடாமல் தட்டை மட்டும் முன்பின்னாக அசைக்கப் பழகுவர். இதற்குப் 'பேபி' என்று பெயர். பின்னர் கட்டையைத் திறந்து மூடி ஒலியைத் துண்டாடும் 'டிரான்ஸ்போமர்'. அதனைத் தலைகீழாக்கி, திறந்திருக்கும் ஒலியை இடையிடையே அடைத்துப் பிளப்பது 'பிளேர்'. 'நண்டு' என்பதில் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டையைத் தட்டிச் செல்ல, எதிரே நிற்கும் கட்டைவிரல் ஒவ்வொரு தட்டுக்கும் அதனை மீளத் தள்ளுகின்றது. (ஏகலைவனிடம் காணிக்கை கேட்ட ஆசான் இக்கலைக்கு வாய்த்திருப்பின் நண்டு பிறந்திராது.) இரு கைகளும் வெவ்வேறு கணக்கில் இயங்க வேண்டுமாதலின், மெதுவான தாளத்தில் ஒரே அசைவை மாதக்கணக்கிற் செய்து பார்ப்பதன்றி வேறு வழியில்லை. பணத்தால் பொறியை வாங்கலாம். இந்த மாதங்களை வாங்க முடியாது.

இத்துணை உழைத்துப் பெற்றதை ஒருவர் ஒளிக்க நினைத்தால் வியப்பில்லை. 1950களில் ஜமேக்காவின் கிங்ஸ்ரன் நகரில், பெரும் ஒலிபெருக்கிகளைத் தெருவில் நிறுத்தி இசை வழங்கியோரிடையே கடும் போட்டி நிலவிற்று. அவர்களுள் ஒருவரான கொக்சன் டொட், அமெரிக்கக் கலைஞர் வில்லிஸ் ஜக்சனின் தட்டொன்றின் நடுவே ஒட்டியிருந்த பெயர்த்தாளைச் சுரண்டி எறிந்துவிட்டு, அதற்குத் தம் பெயரையே சூட்டி ஒலிக்கச் செய்தார். கிங்ஸ்ரனிற் பிறந்து 1967இல் பிரொங்ஸுக்குக் குடிபெயர்ந்தவர் கூல் ஹேர்க். 1973 ஓகஸ்ட் 11ஆம் நாள் செட்விக் அவெனியு 1520ஆம் இலக்கக் கட்டடத்தில் அவர் நடத்திய விருந்திலிருந்தே இவ்விசை மரபின் தொடக்கத்தைக் கணிப்பர். அவரும் தட்டுகளை நீரில் ஊறவைத்துப் பெயர்த்தாள்களை உரித்தெடுத்தார்.

இதனைக் கயமை என்று கூற நமக்கு நாவெழவில்லை. 1975இல் நியூயோர்க் மாநகரம் நிதி நெருக்கடியில் வீழ்ந்தபோது ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலையிழந்தனர். பிரொங்ஸின் குடியிருப்புகள் எரிந்துகொண்டிருந்தன. வேறு உடைமை ஏதுமற்றவன் தன் வித்தையை உடைமையாக்கிக் காப்பதைத் திங்கள்தோறும் சம்பளம் பெறும் நாம் இடித்துரைப்பது எளிது. ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. உரித்தெறியப்பட்ட தாளில் இருந்தது போட்டியாளன் தேடிய செய்தி மட்டுமா? அத்தட்டில் முழவறைந்தவனின், குழலூதியவனின் பெயருக்கு எஞ்சியிருந்த சுவடும் அங்கேதான் இருந்தது. தன் உழைப்பைக் காக்கப் புகுந்தவன் பிறன் உழைப்பின் பெயரை அழித்தான். ஒளித்தலின் குற்றம் இங்கேயே உள்ளதென்பது எமது துணிபு.

உரசல் எவ்வாறு பரவிற்று என்பதையும் நோக்குக. 1970களின் நடுப்பகுதியில், தியடோர் என்னும் சிறுவன் அறையிற் பெரிய ஓசையுடன் இசை கேட்டுக்கொண்டிருக்க, தாய் கண்டிக்க வந்தார். அவன் தட்டைக் கையாற் பிடித்தபடி அசைக்க, எழுந்த ஒலி அவன் செவியைக் கவர்ந்தது. தியடோரே கூறிவந்த கதை இது. மேடையிற் கையைத் திறந்து காட்டாமல் இக்கலையை நிகழ்த்த இயலாது; கண்டவர் வீடு சென்று பழகினர். 1983இல் ஹேர்பி ஹன்கொக்கின் 'ரொக்கிற்' வெளிவந்தபோது, அதில் டி.எஸ்.ரி. என்பார் செய்த உரசலைக் கேட்டுப் பிறநாட்டு இளைஞரும் தொடங்கினர். 'பிளேர்' என்ற அசைவுக்கு அதனைக் கண்டறிந்த கலைஞரின் பெயரே நிலைத்தது. பெயர் வழங்குகின்றது; வாடகை வழங்குவதில்லை. உரியவனை நினைவுகூர்ந்தே பொதுவாக்கும் இவ்வழக்கம் பெயர்த்தாள் உரித்ததற்குச் செப்பமான மறுமொழி.

பொதுவாக்கிய வித்தையை வணிகர் கவர்ந்துகொள்ளாரோ என்பர். கவர்வர். 2002இல் ஜாம் மாஸ்ரர் ஜே நியூயோர்க்கில் இதற்கெனப் பள்ளி தொடங்கினார். 2004இல் பொஸ்ரன் நகரின் பேர்க்ளி இசைக் கல்லூரி பாடமாக்கிற்று. ஆசிரியன் தன் நேரத்துக்கும் பொறுமைக்கும் கூலி பெறுவது வேறு. அசைவையே வேலியிட்டு விற்பது வேறு. முன்னதைப் பழிப்போமாயின் நமது தொழிலையே பழித்தவராவோம். ஆனால் எரிந்த வீதிகளிற் பிறந்த கலையைக் கற்க, அவ்வீதிப் பிள்ளைகளால் கட்டவியலாத கட்டணம் கேட்கப்படின், வேலி வேறோரிடத்தில் எழுந்துவிட்டது என்பதே பொருள்.

உரசல் பழகுவோர் எந்நாட்டவராயினும், பெரும்பாலும் அவர்கள் கைக்கு முதலில் வருவது 'ஆ' என்னும் ஒற்றை ஒலி. பாப் பைவ் பிரெடி 1982இல் வெளியிட்ட 'சேஞ்ச் த பீற்' என்னும் தட்டின் இறுதியில், கருவிவழித் திரிந்து ஒலிக்கும் குரலொன்றின் தொடக்கம் அது. பயிற்சித் தட்டுகளில் அதனையே மீண்டும் மீண்டும் பதித்து வைத்திருப்பர். பல்லாயிரம் முறை அதனை முன்னும் பின்னும் இழுத்தவருட் பலர் மூலத்தட்டைக் கண்ணாற் கண்டவரல்லர்.