கணிப்பொறியும் அறிவுடைப் பொருளும்

சடப்பொருள் தானே அறியுமோ என்னும் வினா நம் சமய நூல்களுக்குப் புதியதன்று. ஆயினும் இக்காலத்து விஞ்ஞானம் அதனைப் புதிய கோலத்தில் நம் வாயிலிற் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றது. 2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் அமெரிக்க நாட்டில் வெளிப்பட்ட சாட்ஜிபிடி என்னும் உரையாடு பொறியும், அதன்பின் தோன்றிய அவ்வினத்துப் பிறவும், வினவுவார்க்கு விடை இறுக்கின்றன, கடிதம் வரைகின்றன, தமிழிற் செய்யுள் யாப்பதாகவும் காட்டுகின்றன. தூத்துக்குடித் துறைமுகத்திற் சரக்குப் பெட்டகங்களின் வரவு செலவைக் கணக்கிடும் கணிப்பொறியினம், சிவஞானபோதத்துக்கு உரை சொல்லவும் புகுந்துவிட்டது. இஃது அறிவுடையதோ, அன்றோ? இது பிழை செய்யின் அப்பிழை யாரைச் சாரும்? இவ்விரண்டும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் அப்பொறி தொழிற்படும் முறையை அறிதல் வேண்டும். நூல்களினின்றும் பிறவற்றினின்றும் திரட்டிய அளவிறந்த எழுத்துக் குவியலை அது சிறுசிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் எண்களாக மாற்றிக்கொள்கின்றது. ஒரு துண்டின்பின் எத்துண்டு வருதல் கூடும் என்று கணித்து, கணிப்புத் தவறுந்தோறும் தன்னகத்துள்ள எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளுமாறு அஃது அமைக்கப்பட்டுள்ளது. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஜிபிடி-3 என்னும் அமைப்பில் இங்ஙனம் திருத்தப்பட்ட எண்கள் 17,500 கோடி. பின்னர் மாந்தர் அதன் விடைகளுள் நல்லன தேர்ந்து காட்ட, அதற்கேற்பவும் அது பண்படுத்தப்படுகின்றது.

இனிப் பூர்வபக்கம். ஆங்கிலக் கணித அறிஞர் ஆலன் டூரிங், 1950ஆம் ஆண்டில் ‘மைண்ட்’ என்னும் தத்துவ இதழில் எழுதிய கட்டுரையில், பொறி சிந்திக்குமோ என்று வாதிடுதலை விடுத்து, மறைவில் நின்று விடை கூறுவது மனிதனோ பொறியோ எனப் பிரித்தறிய இயலுகின்றதா என்று சோதிக்கலாம் என்றார். 2024ஆம் ஆண்டில் பௌதிகத்துக்குரிய நோபல் பரிசினை ஜான் ஹாப்ஃபீல்டுடன் பகிர்ந்துகொண்ட ஜெஃப்ரி ஹின்டன், இத்தகைய பொறிகள் பொருளுணர்ந்தே பேசுகின்றன என வெளிப்படையாகக் கூறியுள்ளார். இவர் இப்பொறிகளுக்கு அடிகோலியவர்களுள் ஒருவர். ஆதலின் இவர் கொள்கையை எள்ளி ஒதுக்காது, ஏதுக் காட்டி ஆராய்தலே முறை.

‘சிந்தித்தல் உயிரின் தொழில், பொறி எங்ஙனம் சிந்திக்கும்?’ என்று நம்மவரிற் பலர் விடை கூறி அமைவர். அவ்விடை சித்தாந்தத்துக்கு முற்றும் ஒவ்வாது. மனமும் புத்தியும் அகங்காரமும் சித்தமும் ஆகிய கரணங்கள் நான்கும் மாயையின் காரியம், ஆகலின் சடம். சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம், ஆன்மா இவற்றுள் ஒன்றன்று எனத் துணிந்து, அமைச்சரோடு கூடிய அரசனை உவமை காட்டிற்று. மூன்றாஞ் சூத்திரமோ உடம்பையே மாயையாலாகிய இயந்திரம் என்றது. கண் முதலியவற்றை ஐம்பொறி என வழங்கும் தமிழ் வழக்கும் இதற்கு இயைவதே. ஆகவே, நிச்சயித்தல் முதலிய கரணத் தொழிலை ஒத்ததொன்றை மாந்தர் சிலிக்கானிற் செய்து காட்டினார் எனின், அதுகண்டு சித்தாந்தி மருளவேண்டுவதில்லை. சடம் சடத்தின் தொழிலைச் செய்தது. அத்தொழிலின் பயனை அறிந்து நுகர்பவர் யார் என்பதே வினா.

இக்கரையின் பழந்தொழிலில் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. மன்னார்க் குடாவில் எடுத்த முத்துக்களைத் தரம் பிரிக்க வணிகர் பத்துப் பித்தளைச் சல்லடைகளை ஒன்றன்பின் ஒன்றாக வழங்கினர். முதலாவதற்குத் துளை 20, பத்தாவதற்கு 1,000. துளையின் தொகை மிக, அதில் நிற்கும் முத்துச் சிறுக்கும். நொடிப்பொழுதிற் பருமை பிரித்த அச்சல்லடை ஒரு முத்தையேனும் கண்டதில்லை. உருட்சியும் ஒளியும் நோக்கி, ஆணிமுத்து இதுவெனத் தெளிந்து மகிழ்ந்தவன் வணிகனே. உரையாடு பொறியை, 17,500 கோடி துளையுடைய சொற்சல்லடை எனல் பொருந்தும்.

அற்றேல், சல்லடை சிறிதாகலின் அறியவில்லை. எண்கள் அளவிறந்து கூடியவழி அறிவு புதிதாகத் தோன்றும் எனின், அஃது உலகாயதர் கூற்றேயாம். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடியவழிச் செம்மை தோன்றுதல்போலப் பூதங்களின் கூட்டத்தில் அறிவு தோன்றும் என்றனர் அவர். அச்செம்மை காணப்படுவது, காண்பதன்று. கூட்டத்தால் எத்துணைப் புதுமை பிறப்பினும், அது வேறொருவர் அறிவுக்கு விடயமாய் நிற்குமன்றித் தானே அறிவாதல் பெறப்படாது. பேசுதலும் ஏதுவாகாது, உயிரில்லாத கிராமபோன் தட்டினும் பேச்சு நிகழ்தலின் அவ்வேது அநைகாந்திகம். தட்டு முன்பதிந்ததையே பேசும், இப்பொறி முன்னில்லாத வாக்கியமும் பேசுமே எனின், வாக்கியம் தொகுத்தலும் கரணத் தொழிலேயாகலின் அது கொண்டு உயிர் உண்டென நிறுவலாகாது.

இனி, ‘உணர்த்த உணர்தல் உயிரின் இலக்கணமென அம்மூன்றாஞ் சூத்திரமே கூறிற்றன்றோ? இப்பொறியும் பயிற்றப் பயில்வதன்றோ?’ எனக் கடாவுவாரும் உளர். கடா வலியுடைத்து. விளக்குக் கண்ணுடையானுக்கே பொருளைக் காட்டும், தூணுக்குக் காட்டாது. உயிர்க்கு அறிவு இயல்பாக உண்டு. அஃது ஆணவத்தால் மறைப்புண்டு கிடத்தலின், உணர்த்துவார் உணர்த்த விளங்குகின்றது. அம்மறைப்பினாலே ‘அறியேன்’ என்னும் வருத்தமும் அதற்கு உண்டாகின்றது. சூத்திரப்பொருள் விளங்காத மாணாக்கன் உறக்கமின்றி வருந்துகின்றானே, அவ்வருத்தமே அவன் அறிவுடைப் பொருள் என்பதற்குச் சான்று. பொறிக்கு அவ்வருத்தம் உண்டென்பது எவ்வாற்றானும் பெறப்படவில்லை. சாத்திரம் பதினான்கினும் இல்லாத செய்யுளை உள்ளதெனக் காட்டும்போதும், உள்ளதையே காட்டும்போதும், அதன் குரல் ஒன்றே. ‘தெரியாது’ எனச் சிலவேளை கூறினும், அச்சொல்லும் முன்னைக் கணிப்பின்வழி வருவதே. இறைவன் திருவுளங்கொள்ளின் எவ்வுடம்பினும் உயிரைக் கூட்டவல்லன். ஆயின், நால்வகைத் தோற்றத்துள் அடங்காத இப்பொறியிற் கூட்டினான் என்பதற்குப் பிரமாணம் இல்லை. பிரமாணம் இல்லாததனைத் துணிதல் நியாயமன்று.

இத்துணையும் நூலாராய்ச்சி, இதன் பயன் ஒழுக்கத்திற் காணப்படும். ‘வாள் வெட்டிற்று’ என்பதனைக் கருவிக் கருத்தா என்பர் இலக்கண நூலார். கருவியை வினைமுதல்போலக் கூறும் வழக்கு அது. அதனை மெய்யெனக் கொண்டு வாளைச் சிறையிட்டார் எவருமிலர். ‘கணிப்பொறி சொல்லிற்று’ என்பதும் அத்தகையதே. துறைமுகத்துப் பாரந்தூக்கி ஒன்று கணிப்பொறியின் ஏவலாற் பெட்டகத்தைத் தவறிய இடத்தில் இறக்க, தொழிலாளி ஒருவன் உயிர் இழந்தான் என வைத்துக்கொள்வோம். ‘பொறியின் பிழை’ என்றெழுதி ஏட்டை மூடிவிடலாமோ? நுகர்ச்சியில்லாத சடத்தில் வினை ஒட்டாது. ஒட்டாமையின் அழிந்துபோதலும் இல்லை. அமைத்தவன், ஏவியவன், ஆராயாது நம்பியவன் என்னும் இவரை, அவரவர் செயலளவுக்கேற்ப, அது வந்து பற்றும். பழியைப் பொறியின்மேல் ஏற்றுவோன், வழக்குமன்றத்திலே தப்பினும் தன் வினையினின்று தப்பான். சித்தாந்தம் ஒப்பாத பிறநாட்டாரும் இம்முடிவை ஒப்புவராயின் உலகுக்கு நலமாம்.

திருமடங்களைச் சார்ந்தார்க்கு மற்றொரு கடமையும் உண்டு. உரைப்பிரமாணம் ஆவது ஆப்தர் மொழி. ஆப்தராவார் பொருளை உள்ளவாறு அறிந்து, அறிந்தவாறே வஞ்சமின்றிக் கூறுவோர். பொறி வஞ்சிப்பதும் இல்லை, அறிவதும் இல்லை. ஆகவே அதன் மொழி பிரமாணமாகாது. கணிப்பொறியை ஒழிக்க என்பது நம் கருத்தன்று. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடித் தொகுதி 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அச்சுவடிகளின் படங்களைக் கடல்கடந்தாரும் இருந்த இடத்திலிருந்தே காணச் செய்தது கணிப்பொறியே. இடந்தேட அதனை ஏவுக. கண்டதனை ஏட்டோடும் அச்சு நூலோடும் ஒப்புநோக்குக. பொருளை ஆசிரியர்பாற் கேட்க. பொறி தந்த செய்யுளை ஏடு நோக்காது அச்சிடுவோன், பொய்ச்செய்யுளை இயற்றியவனோடு ஒப்பவே வினையுடையன்.

ஓர் ஐயம் எஞ்சும்: விடை கையில் வந்தபின் வருந்திக் கற்பது எதற்கு? 1973ஆம் ஆண்டில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்து விளைவித்தனர். சிப்பியோட்டிற் கடைந்த சிறுமணியொன்றை, வேறொரு சிப்பியின் மேலுறைத் தசைத்துண்டோடு உயிர்ச்சிப்பியினுள் வைத்தல் மனிதன் செயல். அம்மணியைச் சுற்றி ஒளியுடைய படலத்தை அடுக்கடுக்காகத் திங்கள் பல சுரந்து மூடுதல் சிப்பியின் செயல். அவ்வாறே ஆசிரியன் மொழி மாணாக்கன் உள்ளத்திற் சென்று தங்க, கேட்டலும் சிந்தித்தலும் தெளிதலும் நிட்டையும் என முறையே முதிர்தல் வேண்டும். அம்முதிர்ச்சியை ஓருயிர்க்காக வேறோருயிரும் செய்யவியலாது. சடம் செய்தல் யாங்ஙனம்? பொறி தந்த விடையை எழுதிப் பட்டம் பெறுவோன் கையிலிருப்பது மேற்பூச்சுப் பூசிய கண்ணாடி மணி. பாடசாலைத் தலைவர்கள் இதனை உளங்கொண்டு, மாணாக்கர் தம் வாயாற் பொருள் சொல்லி விளக்கும் பழைய முறையை நெகிழவிடாது போற்றுவாராக.