சொல்வார் என்னும் வினைமுற்று

மறைந்த ஆசிரியர் ஒருவரை நினைவுகூர்தல் என்பது அவருடைய பெருமைகளை அடுக்கிக் கூறுவதா, அவர் வகுப்பில் நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே மீட்டெடுப்பதா என்பதும், சிரிக்க வைத்தே கற்பித்த ஒருவரை எண்ணும்போது எழும் சிரிப்பு இரங்கலுக்கு இழுக்காகுமா என்பதும் இவ்வுரையாடலில் ஆராயப்படும் வினாக்கள். உரையாடுவோர் இருவரும் புதுச்சேரியைச் சேர்ந்தவர்கள். குரு தமிழிலக்கணத்தில் தோய்ந்த முதியவர். சீடன் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒரே ஆசிரியரிடம் பிரெஞ்சு மொழி பயின்று, பின்னர் தமிழிலக்கணத்தின் பக்கம் வந்தவன். அப்பிரெஞ்சு ஆசிரியர் காலமாகிப் பத்து நாள் ஆகியிருந்த நிலையில், பள்ளியில் நடக்கவிருந்த இரங்கல் கூட்டத்தில் பழைய மாணவர்கள் சார்பில் பேசும் பொறுப்பு சீடனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

சீடன்: ஐயா, இரங்கல் உரை எழுத உட்கார்ந்தால் ‘பண்பின் சிகரம்’, ‘ஈடுசெய்ய இயலாத இழப்பு’ என்னும் தொடர்கள் தாமாகவே வந்து விழுகின்றன. யாருக்கும் பொருந்தும் தொடர்கள் என்பதால் அவற்றை அடித்துவிட்டுப் பார்த்தால், தாளில் எஞ்சுவது அவர் தம் மீசையைப் பற்றிச் சொன்ன வேடிக்கை ஒன்றுதான். இரங்கல் கூட்டத்தில் பேசத்தக்க பொருளா அது?

குரு: வேடிக்கையை முதலில் சொல், தகுதியைப் பிறகு பார்க்கலாம்.

சீடன்: பிரெஞ்சு மொழியில் உயிருள்ளது, உயிரற்றது என்ற வேறுபாடின்றி எல்லாப் பெயர்ச்சொற்களும் ஆண்பால் அல்லது பெண்பாலாகவே நிற்கும், ஒருமைப் பெயருக்கு முன்னால் ‘லெ’ வந்தால் ஆண்பால், ‘லா’ வந்தால் பெண்பால். புத்தகம் ஆண், மேசை பெண். இது ஏன் இப்படி என்று ஆறாம் வகுப்பின் முதல் வாரத்தில் ஒரு மாணவன் கேட்டபோது, ஆசிரியர் விடையொன்றும் கூறாமல், எண்ணெய் தடவி முறுக்கிவிட்ட தம் மீசையை ஒருமுறை நீவிக்கொண்டு, கரும்பலகையில் ‘லா முஸ்தாஷ்’ என்று எழுதினார், மீசை பெண்பால். அதன் கீழே ‘லா பார்ப்’ என்று எழுதினார், தாடியும் பெண்பால். பிறகு வகுப்பின் பக்கம் திரும்பி, முப்பது ஆண்டுகளாக ஒரு பெண்ணை மூக்குக்குக் கீழே வைத்துப் போற்றி வருவதாகவும், வீட்டில் இருப்பவருக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை என்றும், பிரெஞ்சு தெரிந்தவர்கள் யாரும் போய்ச் சொல்லிவிட வேண்டாம் என்றும் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார்.

குரு: சன்னலுக்கு வெளியே தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவர் அதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பாரா?

சீடன்: சிரித்திருக்க மாட்டார், ‘லா’ எதைக் குறிக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

குரு: அப்படியானால் வகுப்பு சிரித்தது என்பதும் வகுப்பு கற்றுக்கொண்டது என்பதும் ஒரே செய்திதான். தேர்வுத் தாள் திருத்தி மதிப்பெண் போட்டு அறியவேண்டியதை அவர் அந்தச் சிரிப்பொலியிலேயே அறிந்துகொண்டார். கடைசி வரிசையில் சிரிக்காமல் விழித்த முகம் எதுவோ, மறுநாள் பாடம் அந்த முகத்துக்கு என்றும் அறிந்திருப்பார். இதில் இன்னொன்றும் உண்டு. தமிழில் பால் என்பது பொருளைப் பார்த்து அமைவது; மக்களும் தேவரும் நரகரும் உயர்திணை, மற்றவை அஃறிணை, மீசை யாருடைய முகத்தில் இருந்தாலும் அஃறிணை ஒன்றன்பால்தான். பிரெஞ்சில் பால் பெரும்பாலும் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருப்பது. பொருளைத் துருவிக் காரணம் தேடினால் கிடைக்காது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டைச் சொற்பால், பொருட்பால் என்று பிரித்து உரைத்தால் விளங்காது, மீசையால் விளங்கும். ஆகவே அந்த வேடிக்கையைப் பாடத்தின் இடையே தெளித்த தாளிதம் என்று கருதாதே, பாடமே அதுதான்.

சீடன்: ஆயினும் இரங்கற் பாடலுக்குத் தமிழில் ஒரு மரபு உண்டல்லவா?

குரு: உண்டு, கையறுநிலை என்பது அதன் பெயர். தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்து வாழ்ந்தோர் செய்வதறியாது நிற்கும் நிலையைப் பாடும் புறத்துறை அது. அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு அவனுடைய போர்களில் தொடங்கவில்லை. கள் சிறிதளவு கிடைத்த நாளில் அவன் அதை யாருக்குக் கொடுத்தான், மிகுதியாகக் கிடைத்த நாளில் எப்படிப் பகிர்ந்தான் என்பதில் தொடங்குகிறது. மன்னனுக்கு இரங்கக் கள்ளில் தொடங்கலாம் என்றால், ஆசிரியருக்கு இரங்க மீசையில் தொடங்கத் தடை என்ன?

இவ்விடத்தில் சீடன் சிறிது தெளிந்தவனாய், தொண்ணூறு என்னும் எண்ணைப் பற்றிய பாடத்தையும் நினைவுகூர்ந்தான். பிரான்சில் வழங்கும் பிரெஞ்சில் எண்பதை ‘நான்கு இருபது’ என்றும், தொண்ணூற்றை ‘நான்கு இருபது பத்து’ என்றும், தொண்ணூற்றொன்பதை ‘நான்கு இருபது பத்து ஒன்பது’ என்றும் கூட்டிச் சொல்லவேண்டும். இருபது இருபதாக எண்ணிய பழைய வழக்கத்தின் எச்சம் அது. பாரிசில் 13ஆம் நூற்றாண்டில் பார்வையற்றோர் முந்நூறு பேருக்காக ஒன்பதாம் லூயி மன்னன் நிறுவிய இல்லத்துக்குப் ‘பதினைந்து இருபதுகள்’ என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் தொண்ணூற்றுக்கு ‘நோனான்த்’ என்ற ஒற்றைச் சொல் இருக்கும்போது பிரான்சுக்கு மட்டும் ஏன் இந்தக் கூட்டல் கணக்கு என்று மாணவர்கள் நகைத்தபோது, ஆசிரியர் அவர்களைத் தடுக்கவில்லை. ‘தொண்ணூறு’ என்று தமிழில் எழுதி, அதில் உள்ள ‘நூறு’ என்னும் பகுதியின் கீழ்க் கோடிட்டு, நூறு வருவதற்கு முன்பே நூறு என்று சொல்லிக்கொள்பவர்கள் அடுத்தவர் கணக்கைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்றார். தொள்ளாயிரத்தில் ஆயிரம் வருவதும் அவ்வாறே. ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறு ஆவதற்குத் தொல்காப்பியமும் தனியாக ஒரு விதி வகுக்க வேண்டியிருந்தது என்பதைச் சீடன் பல ஆண்டுகள் கழித்தே படித்தறிந்தான். அவன் தமிழிலக்கணத்தின் பக்கம் திரும்பியது அந்த அடிக்கோட்டினால்தான் என்பது குருவின் கருத்து. சீடன் அதை மறுக்கவில்லை.

சீடன்: 1956 மே 28இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தால் பிரெஞ்சுக்காரர்கள் சட்டப்படியே வெளியேறிவிட்ட ஊரில் இந்தப் பாடம் எதற்கு என்று கேட்டவர்களுக்கும் விடை வைத்திருந்தார், வெளியேறியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், வினைச்சொற்கள் கையெழுத்திடவில்லை என்பது அந்த விடை. ஆனால், ஐயா, சொல்லாமல் விடக்கூடாத ஒன்றும் இருக்கிறது. பிரெஞ்சில் பன்மையைக் காட்டச் சொல்லின் இறுதியில் எழுதப்படும் எழுத்து பெரும்பாலும் ஒலிப்பதில்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடவேண்டிய பெரியவர்களைப் போன்றவை அவ்வெழுத்துகள். வேலை செய்யமாட்டார்கள், விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று அவர் கூறுவது வழக்கம். அந்த எழுத்தை எப்போதும் விட்டுவிடும் மாணவன் ஒருவன் இருந்தான். அவனுக்கு ஆசிரியர் ‘ஒருமை’ என்று பெயரிட்டார். வகுப்பு அவனை ஆண்டு முழுவதும் அப்பெயரால் அழைத்தது. அடுத்த ஆண்டு அவன் பிரெஞ்சை விட்டுவிட்டான்.

குரு: தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் களன்கள் நான்கு கூறப்பட்டுள்ளன. மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்ச்சி உடம்பில் புலப்படுவது. அந்நான்கனுள் முதலில் நிற்பது எள்ளல், அதாவது பிறரை இகழ்தல். பின்னர் வருவன இளமையும், அறியாமையின் இரு கூறுகளாகிய பேதைமையும் மடனும். முதலாவதைத் தவிர மற்றவை யாரையும் காயப்படுத்த வேண்டியதில்லை. மீசையில் அவர் பிள்ளைகளின் இளமையோடு சேர்ந்து தாமும் இளையவரானார். ‘ஒருமை’யில் எள்ளலுக்கு இறங்கினார். நல்லாசிரியன் பாடம் சொல்லும் முறையை வகுக்கும் நன்னூல், விரையாமல், வெகுளாமல், முகம் மலர்ந்து உரைக்கவேண்டும் என்கிறது. மலரவேண்டிய முகம் ஆசிரியனுடையது என்பதை அவர் அன்று மறந்தார்.

சீடன்: அதற்குப்பின் அவருடைய கேலி தம்மையே நோக்கித் திரும்பியது என்று மூத்த மாணவர்கள் கூறுவதுண்டு.

குரு: அந்த மாணவன் பிரெஞ்சுக்குத் திரும்பினானா?

சீடன்: இல்லை.

குரு: அப்படியானால் இரண்டையும் சேர்த்தே நினைவில் வை. குறை நீக்கிய நினைவு சிலை செய்வதற்கு உதவும். சிலைகள் வேடிக்கை பேசுவதில்லை.

சீடன்: இழப்பை எண்ணும் நேரத்தில் சிரிப்பு வருவதே பிழை போலத் தோன்றுகிறதே, அதற்கு என்ன சமாதானம்?

குரு: எட்டு மெய்ப்பாடுகளுள் நகைக்கு அடுத்து வைக்கப்பட்டிருப்பது அழுகை, அழுகையின் களன்களுள் ஒன்று இழவு, அதாவது உற்றாரையோ பொருளையோ இழத்தல். இரண்டும் அடுத்தடுத்த வீடுகள். கிரேக்க நாட்டில் கி.மு. 399இல் சாக்ரடீஸ் நஞ்சுண்டு இறந்த நாளைப் பிளேட்டோ ‘ஃபீடோ’ என்னும் உரையாடலில் எழுதியிருக்கிறார். உடல்நலக் குறைவால் பிளேட்டோ அங்கு இல்லை என்று அந்நூலே சொல்கிறது. அங்கிருந்தோர் மாறி மாறிச் சிரித்தும் அழுதும் இருந்தனர் என்பது அதில் வரும் செய்தி. எப்படி அடக்கம் செய்வது என்று நண்பர் கிரிட்டோ கேட்க, பிடிக்க முடிந்தால் விரும்பியபடி செய்துகொள்ளலாம் என்ற பொருளில் சாக்ரடீஸ் நகைத்தபடி விடையளித்தார். கடைசி நாளிலும் ஆசிரியர் வேடிக்கையை விடவில்லை என்றால், மாணவர் மட்டும் முகத்தை இறுக்கிக்கொள்வது யாருக்காக?

சீடன்: மரணத்தைப் பற்றியும் அவர் ஒரு முறை ஏதோ சொல்வார், ஐயா...

குரு: சற்று நில். இப்போது வாயில் வந்த வினைமுற்று எது?

சீடன்: சொல்வார்.

குரு: காலம்?

சீடன்: வடிவம் எதிர்காலம், பொருள் இறந்தகாலம். முன்பு வழக்கமாகச் சொல்லிவந்தார் என்பது கருத்து. ஆனால் ‘ஒரு முறை’ என்ற சொல்லோடு அது பொருந்தாது. ‘சொன்னார்’ என்றிருக்க வேண்டும்.

குரு: பிழையை அப்படியே விடு; அதில்தான் பொருள் இருக்கிறது. காலம் மயங்கி வந்தும் ஏற்கப்படுவதைக் காலவழுவமைதி என்பர். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றால் முக்காலமும் மயங்கும் என்று நன்னூல் இடம் தருகிறது. இயல்புக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, முன்னாளில் விளையாடிய சோலையை எதிர்கால வினையால் குறிப்பது. பிரெஞ்சில் இதற்கு என்ன செய்வார்கள்?

சீடன்: அங்கே ‘ஏம்பர்ஃபே’ என்றொரு காலம் உண்டு, ‘முற்றுப்பெறாதது’ என்று பொருள். கடந்தகாலத்தில் நீண்டுகொண்டிருந்ததையும் வழக்கமாக நிகழ்ந்ததையும் அது குறிக்கும். ஒருமுறை நிகழ்ந்து முடிந்ததைக் குறிக்க ‘பஸ்ஸே கொம்போஸே’ என்னும் வேறு காலம் இருக்கிறது. மழை பெய்துகொண்டிருந்தது என்பது முதலாவது, குடை தொலைந்தது என்பது இரண்டாவது என்று ஆசிரியர் விளக்குவார்; ஆண்டுக்கு ஒரு குடையாவது தொலைத்தவர் என்பதால் அவருக்கு எடுத்துக்காட்டு குறைவுபட்டதில்லை.

குரு: ‘இறந்தார்’ என்பது குடை. முடிந்தது முடிந்ததுதான், எந்த இலக்கணமும் யாரையும் எழுப்பித் தராது. ‘சொல்வார்’ என்பதைப் பிரெஞ்சு முற்றுப்பெறாத கடந்தகாலம் என்று வைக்கிறது. தமிழோ அதை எதிர்காலத்தின் உடையிலேயே நிறுத்துகிறது.

சீடன்: இனி அவர் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்னும்போது, அந்த உடை வெறும் மயக்கம் அல்லவா?

குரு: குபேர் அங்காடியில் மீன்காரர் தொண்ணூறு ரூபாய் கேட்டால், காசு எண்ணும்போது மனத்தில் ஓடுவது என்ன?

சீடன் சற்றுத் தயங்கி, நான்கு இருபதுத் தாள்களும் ஒரு பத்துத் தாளும் கொடுக்கும் பழக்கம் எட்டாம் வகுப்பிலிருந்து உள்ளது என்றும், உடனே கோடிட்ட ‘நூறு’ நினைவுக்கு வந்துவிடும் என்றும் ஒப்புக்கொண்டான். அப்போது குரு, நினைவு என்றும் வாசனை என்றும் இரண்டைப் பிரித்துக் காட்டினார். நினைவு என்பது வேண்டும்போது முயன்று மீட்பது. வாசனை என்பது பயின்ற பழக்கம் உள்ளத்தில் படிந்து, அழைக்காமலே செயலில் வெளிப்படுவது. பெருமைகளின் பட்டியல் முன்னதைச் சார்ந்தது; கூட்டம் கலைந்ததும் அதுவும் கலையும். மீன்கடையில் எண்ணப்படும் தாள்கள் பின்னதைச் சார்ந்தவை; நாளையும் எண்ணப்படும் என்பதால், அங்கே ‘சொல்வார்’ என்பதன் எதிர்காலம் மயக்கமாகாது, கணக்குப்படி சரியே என்பது குருவின் முடிவு.

சீடன்: அப்படியானால் கூட்டத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது?

குரு: மீசையைச் சொல், விளக்காதே. ‘ஒருமை’யைச் சொல், மன்னிப்பு வழங்காதே, அது அந்த மாணவனிடம் இருப்பது. மற்றவற்றை அடுத்துப் பேசுபவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பண்பின் சிகரம் அவர்களிடம் தயாராக இருக்கும்.

கூட்டம் வெள்ளிக்கிழமை மாலை நடந்தது. சீடனுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஐந்து நிமிடம். முன்வரிசையில் அமர்ந்திருந்த ஆசிரியரின் மனைவி, கூட்டம் முடிந்தபின் சீடனை அருகே அழைத்து, மீசை பற்றிய செய்தி தமக்குக் கல்யாணமான முதல் ஆண்டிலேயே தெரியும் என்று தெரிவித்தார்.