ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் வரை

1800ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி பாரிஸ் காவல்துறைத் தலைமையகம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஆண் உடையில் வெளியே வர விரும்பும் எந்தப் பெண்ணும் நேரில் வந்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அதற்கு மருத்துவச் சான்று காட்ட வேண்டும். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 1892இலும் 1909இலும், இந்த ஆணையைத் தளர்த்தும் சுற்றறிக்கைகள் வந்தன. பெண்ணின் கையில் சைக்கிளின் ஹேண்டில்பாரோ குதிரையின் கடிவாளமோ இருந்தால் அவள் கால்சட்டை அணிவது குற்றமாகாது. ஆணை அதன் பிறகும் காகிதத்தில் கிடந்தது. அது சமத்துவத்துக்கு முரணானது, ஆகவே செல்லாது என்று பிரான்சின் பெண்கள் உரிமை அமைச்சர் அறிவித்தது 2013 ஜனவரியில்தான்.

சுற்றறிக்கையை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் இப்படி ஆகிறது: ஒரு பெண் சைக்கிளில் வருகிறாள். ரொட்டிக் கடை வாசலில் நிறுத்திச் சுவரில் சாய்க்கிறாள். கையை எடுக்கிறாள். அந்த நொடியிலிருந்து அவள் சட்டத்தை மீறியவள். உடையும் மாறவில்லை, அவளும் மாறவில்லை. கையில் இருந்த காரணம் மட்டும் போய்விட்டது.

ஓவியர் ரோஸா போனருக்கு 1857இல் இந்தச் சீட்டு கிடைத்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய சீட்டு. அதில் எழுதியிருந்த காரணம் உடல்நலம். அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது மாட்டுச் சந்தைகளுக்கும் இறைச்சிக் கூடங்களுக்கும் போய் விலங்குகளைப் பார்த்து வரைவதற்கு வசதியான உடை. உழவு மாடுகளை வரைந்து அவர் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தார். அது போதவில்லை, நோயாளியாக வேண்டியிருந்தது.

இதில் ஓர் அறக் கேள்வி இருப்பதாக நினைக்கிறேன். ஒரு பெண் சாலையில் இருப்பதற்குக் காரணம் வேண்டுமா? காரணம் சொன்னால்தான் கிடைக்கும் சுதந்திரத்தைச் சுதந்திரம் என்று சொல்லலாமா?

பிரான்சின் தெற்கு பர்கண்டியில் ஆறு நாள் சைக்கிள் ஓட்டியபோது இந்தக் கேள்வி கூடவே வந்தது. போவதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்றும் சொல்லலாம். ஷெங்கன் விசாப் படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்பார்கள். சுற்றுலா என்று குறித்தால் படிவம் ஏற்றுக்கொள்கிறது. வீட்டில் அந்தப் பதில் போதவில்லை. "அங்க யாரைப் பாக்கப் போற?" என்று சித்தி கேட்டார். யாரையும் இல்லை சித்தி என்றேன். "அப்ப எதுக்கு?" என்றார். வேலை, படிப்பு, பிரசவம் பார்க்கப் போவது, கோயில் என்று எதைச் சொல்லியிருந்தாலும் அவர் தலையாட்டியிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா பல வருடங்களாக மாலை ஆறு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு "சும்மா ஒரு ரவுண்டு" போய்வருகிறவர். அவரிடம் எதற்கு என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் போன பாதை சுலபமானது. ழிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர், கைவிடப்பட்ட ரயில்பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றி 1997இல் திறந்தார்கள். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அந்தப் பாதையில் மூச்சு வாங்கும் ஏற்றமே இல்லை. ஒரு பக்கம் திராட்சைத் தோட்டங்கள், மறுபக்கம் வேலிப் புதர்களுக்கு நடுவே மேயும் வெள்ளை ஷரொலே மாடுகள். சில கிலோமீட்டருக்கு ஒரு கிராமம், ஒவ்வொன்றிலும் ஒரு பழைய தேவாலயம். க்ளூனிக்கு மேற்கே மேடும் பள்ளமுமாகச் சின்னச் சின்னச் சாலைகள். இதை இதமான நாட்டுப்புறம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. பொய்யில்லை. ஆனால் இந்த இதமான ஊர்களில் பெண்கள் எதற்காக வெளியே வந்தார்கள் என்று தேட ஆரம்பித்தால் வேறொன்று கண்ணில் படுகிறது.

பல கிராமங்களில் லவ்வார் என்ற பொதுத் துணி துவைக்கும் கூடம் இருக்கிறது. சரிவான ஓட்டுக் கூரை, நடுவில் கல்தொட்டி, அதில் ஊற்று நீரோ ஓடை நீரோ வந்து விழும். தொட்டியைச் சுற்றிச் சாய்ந்த கற்கள். 1851இல் இவற்றைக் கட்ட அரசு பணம் ஒதுக்கிச் சட்டமே போட்டது. பெண்கள் வைக்கோல் திணித்த மரப்பெட்டியில் முழங்காலிட்டு, குளிர்காலத்திலும் அந்தத் தண்ணீரில் கைவிட்டு, மரக்கட்டையால் துணியை அடித்துத் துவைத்தார்கள். ஆண்கள் கூடிப் பேச மதுக்கடை இருந்தது. அங்கே போகக் கையில் எதுவும் தேவையில்லை. பெண்கள் கூடிப் பேச இந்தக் கூடம் இருந்தது. அங்கே வர அழுக்குத் துணி வேண்டும். நம் ஊர்க் குழாயடியில் குடம் இருந்ததைப் போல. இன்று கூடங்களுக்கு வெள்ளையடித்துப் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். மத்தியான வெயிலுக்கு நானும் அங்கேதான் உட்கார்ந்தேன். அந்தக் கல்லில் சும்மா உட்கார்ந்த பெண்கள் முன்பு எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

க்ளூனிக்கு மேற்கே லுவார் ஆற்றை ஒட்டி மார்சிஞி என்ற சிற்றூர் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் க்ளூனி மடத்தலைவர் ஹ்யூ அங்கே பெண்களுக்கு ஒரு மடம் தொடங்கினார். உள்ளே போனவர் வெளியே வரக் கூடாது என்பது விதி. 99 துறவிகள், நூறாவது இடம், தலைவியின் இடம், கன்னி மரியாளுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதாவது உயிரோடு இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் அந்த இடம் இல்லை. மறுநூற்றாண்டில் க்ளூனியின் தலைவராக இருந்த பீட்டர் தன் அற்புதங்கள் பற்றிய நூலில் ஒரு கதை எழுதியிருக்கிறார். மடத்தை நோக்கித் தீ பரவுகிறது. வெளியே வாருங்கள் என்று பேராயரே கட்டளையிடுகிறார். துறவிகள் மறுக்கிறார்கள். தீ விலகிப் போகிறது. அவர்களுடைய உறுதியை நான் சிறுமைப்படுத்தவில்லை. அந்தப் பெண்களில் பலர் அந்த வாழ்க்கையை விரும்பி ஏற்றிருக்கலாம். என்னை உறுத்துவது, கதையில் எது புகழப்படுகிறது என்பது. எரிந்தாலும் நகராதவள் புனிதமானவள். இதற்கு நேர் எதிரே நிற்பவள் காரணமில்லாமல் நகர்பவள். அவளுக்கு எந்த மொழியிலும் நல்ல பெயர் இருப்பதாகத் தெரியவில்லை. நம் மொழியில் ஊர்சுற்றி என்ற சொல் ஆணுக்குச் செல்லமாகவும் பெண்ணுக்கு வசையாகவும் விழுகிறது.

சைக்கிள் வந்தபோது இது உடையும் என்று பெண்கள் நம்பினார்கள். ஓரளவு உடையவும் செய்தது. 1868 நவம்பரில் போர்தோ நகரில் பெண்கள் சைக்கிள் பந்தயம் ஓட்டினார்கள். ஆனால் உடனே காரணம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சைக்கிள் கருப்பையைக் கெடுக்கும் என்று சில மருத்துவர்கள் எழுதினார்கள். இல்லை, நல்ல பிள்ளை பெற உடலை வலுவாக்கும் என்று வேறு மருத்துவர்கள் பதில் எழுதினார்கள். இரண்டு தரப்பும் ஒரே இடத்தில் நின்றுதான் பேசியது: அவள் ஓட்டுவது அவளுக்குப் பிறக்கப்போகும் குழந்தையின் விஷயம். ஆதரித்தவர்களின் பக்கம் சேர்ந்து நாம் மகிழலாம். ஆனால் நாளைக்கு மருத்துவம் மாறிச் சொன்னால் அந்த ஆதரவும் போய்விடும்.

இன்று கேட்கும் காரணங்கள் நாகரிகமானவை. உடற்பயிற்சி, மன அழுத்தம் குறைய, உனக்கென்று கொஞ்சம் நேரம். 'ஓய்வெடுத்தால்தானே குடும்பத்தை நன்றாகக் கவனிக்க முடியும்' என்று பெண்கள் பத்திரிகைகள் அக்கறையோடு சொல்கின்றன. சில சமயம் நாமே, பெண்ணியவாதிகளே, ஒரு பெண் சைக்கிள் ஓட்டினால் அதைத் தன்னம்பிக்கை, அதிகாரம் பெறுதல் என்று ஏதாவது ஒரு பயனில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். பயன் இருக்கலாம். அதைச் சொல்லித்தான் வெளியே வர வேண்டும் என்றால் ரோஸா போனரின் மருத்துவச் சான்றைத்தான் மறுபடி நீட்டுகிறோம்.

இந்த இடத்தில் சிமோன் த பொவ்வாவோடு எனக்கு ஒரு வாதம் உண்டு. 1949இல் வந்த 'இரண்டாம் பாலினம்' நூலில் அவர் சொல்வதன் சாரம், மனிதரின் சுதந்திரம் தன்னைத் தாண்டிச் செல்லும் செயல்திட்டங்களில் மெய்ப்படுகிறது. பெண்ணோ சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வரும் வேலைகளுக்குள் அடைக்கப்பட்டிருக்கிறாள் என்பது. அப்படியானால் காலையில் கிளம்பி, ஒன்றும் சாதிக்காமல், மாலையில் அதே ஊருக்குத் திரும்பும் சைக்கிள் ஓட்டத்தில் என்ன சுதந்திரம் இருக்கிறது? அதுவும் ஒரு வட்டம்தானே?

அவருடைய வாழ்க்கையிலேயே பதிலின் ஒரு பாதி இருக்கிறது. 1931இல் மார்செய் நகரில் ஆசிரியையாக இருந்தபோது விடுமுறை நாள்களில் சுற்றியுள்ள மலைகளில் தனியாகப் பல மணி நேரம் நடந்தார். உடன் வேலை பார்த்தவர்கள் ஆபத்து என்று எச்சரித்தார்கள். 1940இல், 32 வயதில், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார். அந்த நடைகளால் எதுவும் விளையவில்லை. அவரும் அவற்றை நியாயப்படுத்த முயலவில்லை. துவைப்பதும் வட்டம், சுற்றிவருவதும் வட்டம். துவைத்து முடித்த துணிக்காக அவள் யாருக்கோ பதில் சொல்ல வேண்டும். சுற்றிவந்த மாலைக்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் தன் நேரத்தில் ஒரு பகுதிக்காவது யாருக்கும் விளக்கம் தராமல் வாழ முடிந்தால்தான் அவரைச் சுதந்திரமான மனிதர் என்று சொல்வேன்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு வசதி பற்றியது. சும்மா சுற்றுவது யாரால் முடியும்? நான் தங்கியிருந்த பண்ணை வீட்டில் அறுபதைக் கடந்த ஓர் அம்மா காலை உணவு தந்தார், படுக்கை விரித்தார், மாடும் பார்த்தார். கடைசியாக எப்போது வெளியூர் போனீர்கள் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன். மாடுகள் இருக்கின்றனவே என்றார். நான் காரணமில்லாமல் ஓட்ட, அவர் காரணங்களுக்கு நடுவே நின்றார். 1936இல் பிரான்சின் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை கிடைத்தது. அந்தக் கோடையில் பலர் சைக்கிளிலேயே ஊர் பார்க்கக் கிளம்பினார்கள். வேலையிலிருந்து மனிதர் விலகி நிற்பதை உரிமையாக்கிய பெரிய சட்டம் அது. ஆனால் சம்பளமில்லாத வேலைக்குச் சம்பளத்தோடு விடுமுறை எப்படி வரும்? விவசாயியின் மனைவி நிலத்தில் உழைத்தாலும் பல காலம் சட்டத்தின் கண்ணில் தொழில் இல்லாதவர். கணவனோடு உழைக்கும் துணைவர் என்ற தகுதி அவருக்கு 1999இல் வந்த வேளாண் சட்டத்தில்தான் கிடைத்தது.

ஆகவே மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் அதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு, நானும் ஒரு காரணத்தைத் தேடிக்கொள்ள வேண்டும் என்பதாக இருக்க முடியாது. காரணம் கேட்பது வேறு, கணக்குப் பார்ப்பது வேறு. காரணம் மேலிருந்து கேட்கப்படுகிறது: ஏன் போகிறாய், யார் அனுமதித்தது? கணக்கு சமமானவர்களுக்கு இடையில் பார்க்கப்படுகிறது: நான் போகும் நேரத்தில் என் வேலையை யார் செய்கிறார், அவருடைய முறை எப்போது? முதல் கேள்விக்குப் பதில் சொல்ல நான் கடமைப்பட்டவள் இல்லை. இரண்டாவதிலிருந்து நான் தப்ப முடியாது. சித்தப்பாவும் தப்ப முடியாது. அவர் தினமும் ஒரு ரவுண்டு போய்வர முடிந்தது அந்த நேரத்தில் சித்தி அடுப்படியில் நின்றதால்.

பெண்களை வீட்டுக்குள் நிறுத்த நினைப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பித்தான் பேசுவார்கள். "நீ சுற்றப் போனால் இங்கே யார் செய்வது?" என்பது கணக்குப் போலத் தோன்றும் அனுமதி மறுப்பு. உண்மையான கணக்கு அந்த வீட்டில் உள்ள எல்லோரையும் பார்த்துக் கேட்கும். வேலையைப் பங்கு போடுவதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். வேலையில்லாத நேரத்தையும் பங்கு போட வேண்டும். எதற்கென்று கேட்கப்படாத ஒரு மாலை சித்திக்கும், அந்தப் பண்ணை வீட்டு அம்மாவுக்கும் எப்போது வரும், அதற்காக யார் எதை விட்டுக்கொடுப்பார் என்று நாம் கேட்கத் தொடங்கலாம்.