ஓயாது எழுதப்படும் ஞாபகம்

நேற்றுக் கண்டவனும் இன்று நினைப்பவனும் ஒருவனே என்பதற்கு ஞாபகமாகிய ஸ்மிருதியைச் சாட்சியாக நிறுத்தி, அதன்மேல் நித்தியமான ஆத்மாவை ஸ்தாபிக்க முயன்ற நியாய தரிசனத்தாராகிய நையாயிகருக்கும், க்ஷணந்தோறும் தோன்றி அழியும் விஞ்ஞானப் பிரவாகமே போதும், முன் க்ஷணம் தன் பதிவாகிய வாசனையைப் பின் க்ஷணத்துக்கு ஈந்துவிட்டே மறைகிறது என்று மறுத்த பௌத்தருக்கும் நடந்த வாதம், மான்செஸ்டர் சர்வகலாசாலையில் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் மீண்டும் உயிர்பெற்றதாகவே எனக்குத் தோன்றுகிறது.

யுத்த காலத்தில் ராடார் ஆராய்ச்சியில் தேர்ந்த பிரெடெரிக் வில்லியம்ஸும் அவருடைய இளைய சகாவான டாம் கில்பர்னும், கணிக்கும் யந்திரத்துக்கு ஞாபகசக்தி அளிக்க எடுத்துக்கொண்ட கருவி, ராடார் திரையாகப் பயன்பட்ட அதே கதிர்க்குழாய்தான். எலெக்ட்ரான் கற்றை பாய்ந்த இடத்தில் சிறு மின்னேற்றம் தங்கும். புள்ளியாக இருந்தால் பூஜ்யம், சிறு கோடாக நீண்டால் ஒன்று. ஆனால் ஒரு விநாடி முடியுமுன்பே அது கசிந்து மறைந்துவிடும். கசிவைத் தடுக்கப் போராடாமல், திரையின் முகப்பில் பொருத்திய உலோகத் தகடு உணர்த்தும் குறியைப் படித்து, அது அழியுமுன் அதையே அவ்விடத்தில் மறுபடி எழுதி, மறுபடி படித்து, இவ்வாறு ஓயாத புனர்ஜன்மத்தால் எண்களை மணிக்கணக்கில் நிலைநிறுத்தினார்கள். அங்கே நிலைத்த வஸ்து எதுவுமில்லை. வடிவம் மட்டும் நிலைத்தது. ஞாபகத்தைத் தாங்க அழியாத பொருளொன்று வேண்டும் என்ற வாதம் இதன் முன் தளர்ந்துவிடுகிறது என்பதைத் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன்.

ஆயினும் பிரத்யபிக்ஞை, அதாவது முன் அறிந்ததை ‘அதுவே இது’ என்று மீண்டும் அறிதல், எஞ்சி நிற்கிறது. 1948 ஜூன் 21ஆம் தேதி, வரிக்கு 32 குறிகளாக 32 வரிகள் மட்டுமே கொண்ட அந்த ஞாபகத்தில் கில்பர்ன் எழுதிய 17 கட்டளைகள் ஏறின. 262144 என்ற எண்ணை மீதமின்றி வகுப்பனவற்றுள், அவ்வெண்ணை ஒழித்து, மிகப் பெரியது எது என்று 52 நிமிஷம் தேடிய யந்திரம் 131072 என்ற விடையைத் திரையில் புள்ளியும் கோடுமாக ஏந்தி நின்றது. விடையைத் தாங்கியது யந்திரம். அது சரியென்று அறிந்தவர்கள் எதிரே நின்ற மனிதர்கள். 1998இல், அதே அமைப்பில் புதிதாகக் கட்டப்பட்ட யந்திரத்தை ஐம்பதாண்டு நிறைவு விழாவில் கண்ட முதியவர் கில்பர்னின் தேகத்திலும் அணுக்கள் எத்தனையோ முறை மாறியிருக்கும். ஆனாலும் ‘இது நான் செய்தது’ என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. திரையில் மீண்டும் ஒளிர்ந்த புள்ளிகளுக்கு அவ்வுரிமை இல்லை. இந்த வேற்றுமைக்குப் பௌத்தர் தரும் சமாதானம் என் மனத்துக்கு இன்னும் போதவில்லை.