உண்மையை மறைக்க மேய்ப்பனுக்கு உரிமை உண்டா?

நாசரேத்தூர் செபக்கூடத்திலே எம் ஆண்டவர் எசாயா ஆகமத்தை வாசித்த நிகழ்ச்சியை நாம் எல்லோரும் அறிவோம். வாசித்து முடிந்ததும் ஏட்டுச் சுருளைச் சுருட்டி அங்கிருந்த ஊழியனிடம் அவர் கொடுத்தார் என்று லூக்கா நற்செய்தியாளர் எழுதுகிறார். அந்த ஊழியன் யார் என்று எப்போதாவது சிந்தித்திருக்கிறீர்களா? அவன் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவன் பதவி தெரியும். எபிரேய மொழியில் அவனை 'ஹசான்' என்று அழைத்தனர். ஏடுகளைப் பேழையிலிருந்து எடுத்துக் கொடுப்பதும், திரும்ப வாங்கி வைப்பதும், கூடத்தைக் கவனிப்பதும் அவன் கடமை. பிற்காலத்தில் இதே சொல் செபக்கூடத்திலே செபங்களை இராகத்தோடு பாடி நடத்துபவருக்குரிய பெயராயிற்று.

யூத மக்களின் செபக்கூடத்தை நடத்துவோர் வேறு சிலரும் உளர். 'சமாஷ்' என்றால் பணியாள் என்று பொருள். நம் கோயில்களிலே சங்கிலித்தாம் செய்யும் பணிகளுக்கு ஒப்பான பணிகள் அவருடையவை. கிழக்கு ஐரோப்பாவின் பழைய யூத ஊர்களிலே விடியுமுன் வீடு வீடாய்க் கதவைத் தட்டி மக்களைச் செபத்துக்கு எழுப்பும் ஒருவரும் இருந்தார். 'கபாய்' என்பவர் வேதச்சுருளை வாசிக்க யார் யாரை அழைப்பது என்று ஒழுங்குபடுத்துவார். முற்காலத்தில் ஏழைகளுக்கான தருமப் பணத்தைச் சேர்த்தவரும் அப்பெயராலேயே அழைக்கப்பட்டார். இவர்களுக்கு மேலாகச் சபையார் தெரிந்தெடுக்கும் தலைவர் ஒருவர் உண்டு. தம் மகளுக்காக யேசுவின் காலில் விழுந்த யாயீர் செபக்கூடத் தலைவர் ஒருவரே அன்றோ?

இனி, 'ரபி' என்பவர் யார்? அவரை நம் குருவானவரைப் போன்றவர் என்று எண்ணிவிடுகிறோம். அது சரியன்று. கி.பி. 70ஆம் ஆண்டிலே உரோமைப் படை யெருசலேம் தேவாலயத்தை அழித்தபின் யூதரிடையே பலி இல்லை. பலியிடும் குருத்துவப் பணியும் அத்தோடு நின்றது. ரபி என்பவர் போதகர். வேதத்தையும் அதன் சட்டங்களையும் கற்றுத் தேர்ந்து, பிறருக்குக் கற்பித்து, சந்தேகம் வந்தவிடத்துத் தீர்ப்புச் சொல்பவர். பொதுச் செபம் நடப்பதற்கு ரபி இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. வயது வந்த பத்துப்பேர் கூடினால் போதும். பெரும் போதகரான மைமோனிடஸ் எகிப்திலே வைத்தியராய் இருந்து சீவியம் நடத்தினார். வேதத்தைக் கற்பித்துக் கூலி வாங்குவதை அவர் வன்மையாய்க் கண்டித்தார். ஆகவே ரபியின் அதிகாரம் எல்லாம் இரண்டு காரியங்களில் தங்கியிருக்கிறது. ஒன்று அவருடைய அறிவு. மற்றது, அவரை நம்பி ஏற்றுக்கொண்ட மக்களின் சம்மதம்.

அன்பான வாசகரே, இதை இவ்வளவு விரிவாய்ச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உண்மையைச் சொல்வதே தொழிலாகக் கொண்ட ஒரு போதகர், தம் மக்களைப் பற்றிய மிகக் கொடிய உண்மை ஒன்றை அறிந்தும் அதை அவர்களிடம் சொல்லாது விட்டார். அவர் செய்தது சரியா? இக்கேள்வி நம் குடும்பங்களையும் தொடுகிறது.

அந்தப் போதகரின் பெயர் லேயோ பெக். 1873ஆம் ஆண்டிலே பிறந்தவர். 1912 முதல் பேர்லின் நகரில் ரபியாய் இருந்தார். யூத மதத்தின் சாரத்தை விளக்கி 1905இல் அவர் எழுதிய நூல் அவரை அறிஞர் நடுவே உயர்த்தியது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது, ஜேர்மன் யூதர் எல்லோருக்கும் பொதுவாக அமைக்கப்பட்ட சபைக்கு அவரே தலைவரானார். வெளிநாடுகளிலிருந்து பாதுகாப்பான பதவிகள் அவரைத் தேடி வந்தன. ஒன்றையும் அவர் ஏற்கவில்லை. மந்தை உள்ளவரை மேய்ப்பனும் அங்கேயே இருக்கவேண்டும் என்பது அவருடைய தீர்மானம்.

அவர் அஞ்சி மௌனம் காத்தவர் அல்லர். 1935இல், யூதரின் பாவப்பரிகாரத் திருநாளுக்கென ஒரு செபத்தை எழுதி, நாடெங்குமுள்ள செபக்கூடங்களில் வாசிக்கும்படி அனுப்பினார். கடவுள் முன் எம் பாவங்களை ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் எம்மீது சுமத்தப்படும் பொய்களை மறுக்கிறோம் என்பதே அதன் கருத்து. அரசு அதைத் தடைசெய்தது. அவரைக் கைதும் செய்தது. பேசினால் ஆபத்து என்றிருந்த வேளையிலே பேசியவர் அவர் என்பதை நாம் மறக்கக்கூடாது.

1943 ஜனவரியில் அவர் பொஹீமியாவிலுள்ள தெரேசியன்ஸ்ராட் என்ற கோட்டை நகருக்குக் கொண்டுபோகப்பட்டார். நாசிகள் அதை யூதரின் அடைப்பிடமாக்கியிருந்தனர். ஏறக்குறைய 1,40,000 பேர் அங்கு கொண்டுவரப்பட்டனர். அவர்களில் ஏறக்குறைய 33,000 பேர் பசியாலும் நோயாலும் அங்கேயே மாண்டனர். ஏறக்குறைய 88,000 பேர் அங்கிருந்து கிழக்கே கொலை முகாம்களுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். எழுபது வயதை எட்டிய பெக், குப்பை வண்டி இழுத்தார். இரவிலே நெருக்கமான அறைகளில் நூற்றுக்கணக்கானோருக்கு பிளேட்டோவைப் பற்றியும் கான்ற்றைப் பற்றியும் விரிவுரை செய்தார்.

1943 ஓகஸ்டில் ஒரு பொறியியலாளர் அவரிடம் இரகசியமாய் வந்தார். அவுஸ்விற்ஸ் முகாமுக்குப் போவோரில், அடிமை வேலைக்கென ஒதுக்கப்படுவோர் தவிர மற்றவர்கள் நச்சுவாயுவால் கொல்லப்படுகிறார்கள் என்ற செய்தியைச் சொன்னார். பெக் முகாமின் மூப்பர் சபையிலும் ஓர் உறுப்பினர். அச்சபைக்கு இதைச் சொல்வதா, விடுவதா என்று தம் மனத்தோடு கடுமையாய்ப் போராடினார். இறுதியில் ஒருவரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தார். போர் முடிந்தபின் இதை அவரே வெளிப்படையாய்க் கூறினார்.

அவர் சொன்ன நியாயங்களையும் கேட்போம். சபைக்குச் சொன்னால் சில மணி நேரத்தில் முகாம் முழுவதும் அறிந்துவிடும். நச்சுவாயுச் சாவை எதிர்பார்த்து நாட்களைக் கழிப்பது வாழ்வை இன்னும் கொடுமையாக்கும். எல்லோருக்கும் அச்சாவு நிச்சயம் என்றும் இல்லை. வேலைக்கென்று சிலர் தெரிந்தெடுக்கப்படுகிறார்கள். எல்லா வண்டிகளும் அவுஸ்விற்ஸுக்கே போகின்றன என்றும் சொல்ல முடியாது. மதிலும் காவலும் சூழ்ந்த இடத்தில் முதியோரும் பிள்ளைகளும் எங்கே ஓடுவார்கள்? இந்த நியாயங்களை அற்பமென்று தள்ளிவிட யாரால் முடியும்?

ஆயினும் மறுபக்கமும் உண்டு. 1944 செப்டெம்பர் இறுதியிலிருந்து ஒக்டோபர் இறுதிவரை, ஒரே மாதத்தில், 18,000க்கும் அதிகமானோர் அங்கிருந்து அவுஸ்விற்ஸுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களிலே பெக்கிடம் கல்வி கற்ற றெஜினா யோனஸ் என்ற பெண்ணும் ஒருவர். 1935இல் ரபி பட்டம் பெற்ற அவரே அப்பட்டம் பெற்ற முதற் பெண் ஆவார். முகாமிலே புதிதாய் வந்திறங்குவோரைச் சந்தித்து ஆறுதல் சொல்வதும் பிரசங்கிப்பதும் அவருடைய பணியாய் இருந்தன. குடும்பத்தைப் பிரிய மனமில்லாமல் தாமாகவே வண்டி ஏறியவர்களும் உண்டு. அவர்கள் அறிந்திருந்தால் ஏறியிருப்பார்களா? யூத அறிஞரான ஹன்னா அறென்ற் 1963இல் வெளியிட்ட நூலிலே இம்மௌனத்தைக் கடுமையாய்க் கண்டித்தார்.

நம் திருச்சபையின் போதனை இங்கே என்ன வெளிச்சம் தருகிறது? பொய் சொல்வது ஒருபோதும் ஆகாது என்று புனித அகுஸ்தீன் கற்பித்தார். ஓர் உயிரைக் காக்கவும் பொய் ஆகாது என்பது அவர் நிலை. புனித தோமஸ் அக்குவினாஸும் அதை ஏற்றார். ஆனால் பொய் சொல்வது வேறு, உண்மையை விவேகத்தோடு மறைத்து வைப்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலும், உண்மையை அறியும் உரிமை இல்லாதவருக்கு அதை வெளிப்படுத்த எவருக்கும் கடமை இல்லை என்று போதிக்கின்றது. அப்படியானால் கேள்வி இதுதான்: அந்த மக்களுக்கு அவ்வுண்மையில் உரிமை இருந்ததா, இல்லையா?

இருந்தது என்றே சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் அது அவர்களுடைய சொந்தச் சாவு. ஒருவனுக்கு அவன் சாவைவிடச் சொந்தமானது வேறென்ன? எசேக்கியா அரசன் நோயுற்றுக் கிடந்தபோது எசாயா இறைவாக்கினர் அவனிடம் போய், நீ பிழைக்கமாட்டாய், உன் வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்து என்று நேரே சொல்லவில்லையா? அரசன் சுவர்ப்பக்கம் திரும்பி அழுது மன்றாடினான். அந்தக் கண்ணீரைக் கண்டு ஆண்டவர் அவனுக்குப் பதினைந்து ஆண்டுகள் கூட்டிக் கொடுத்தார். உண்மை அவனை நொறுக்கியது. ஆனால் செபிக்கவும் வைத்தது. யூத மரபிலே சாகுமுன் கடவுளிடம் பாவ அறிக்கை செய்யும் வழக்கம் உண்டு. ஆயத்தமில்லாத திடீர் மரணத்திலிருந்து காக்கும்படி நாமும் மன்றாடுகிறோம். சாவை அறியாதவன் ஆயத்தம் செய்வது எப்படி?

ஆனால் இத்தோடு நிறுத்திவிட்டால் அந்த மனிதருக்கு அநீதி செய்தவர்களாவோம். கொன்றவர்கள் நாசிகள். பாவம் அவர்களுடையது. பெக் தம் உயிருக்காக மௌனம் காக்கவில்லை. அந்தச் சுமையைச் சுமந்துகொண்டே மக்கள் நடுவில் வாழ்ந்தார். 1945 மே மாதம் முகாம் விடுதலை அடைந்தபோதும் உடனே புறப்படாமல், தொற்றுக் காய்ச்சலால் வாடியவர்களோடு சில வாரங்கள் தங்கினார். பின்பு இலண்டனில் குடியேறி 1956இல் காலமானார். ரபிமாரைப் பயிற்றும் கல்லூரி ஒன்று அந்நகரில் அவர் பெயரால் இன்றும் நடைபெறுகிறது. பாதுகாப்பாய் வீட்டிலிருந்து வாசிக்கும் நாம் அவர்மேல் கல்லெறிய உரிமையற்றவர்கள்.

அவருடைய முடிவிலே நம்மை அதிகம் உறுத்துவது மௌனம் அன்று, தனிமை. ஆயிரக்கணக்கானோரின் காரியத்தை ஒருவர் தனித்திருந்து முடிவு செய்தார். செபக்கூடத்தின் அமைப்பே இதற்கு மாறானது என்பதை எண்ணிப்பாருங்கள். செபத்துக்குப் பத்துப்பேர் வேண்டும். வழக்கைத் தீர்க்க மூன்று நடுவர் கூடி அமரவேண்டும். காசைக் கவனிக்க ஒருவர், வாசகத்தை ஒழுங்குபடுத்த ஒருவர், கதவைத் தட்ட ஒருவர் என்று பொறுப்புப் பங்கிடப்பட்டிருக்கிறது. ஒருவரே எல்லாம் அறிந்து, எல்லாம் தீர்மானித்து, மற்றவர் அறியாதிருக்கவேண்டும் என்று எவரும் ஏற்படுத்தவில்லை. நம்பத்தக்க இருவரோடாவது அவர் அச்செய்தியைப் பகிர்ந்திருந்தால் முடிவு மாறியிருக்குமோ இல்லையோ, சுமையாவது குறைந்திருக்கும். அடைத்து வைக்கப்பட்ட அந்நகரிலே ஒரு சொல்லும் கசியாமல் ஆலோசிக்க முடியாதென்று அவர் அஞ்சினார் என்பதும் உண்மையே. கொடுங்கோலாட்சி மனிதரின் உயிரை எடுப்பதற்கு முன்னரே, அவர்கள் கூடி ஆலோசிக்கும் உரிமையை எடுத்துவிடுகிறது.

நம் வீடுகளிலே மதிலும் இல்லை, காவலும் இல்லை. ஆனாலும் நாம் என்ன செய்கிறோம்? வீட்டில் ஒருவருக்குத் தீராத நோய் என்று வைத்தியர் சொல்கிறார். உடனே பிள்ளைகள் வாசலில் நின்று, அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டா என்று முடிவு செய்துவிடுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் அதோடு நிற்பதில்லை. சின்ன வருத்தம்தான், சுகமாகிவிடும் என்று பொய்யும் சொல்கிறோம். குருவானவரை அழைத்தால் அம்மா பயந்துவிடுவா என்று நோயில்பூசுதலையும் கடைசி நேரத்துக்குத் தள்ளிப் போடுகிறோம். தாயோ தன் உடம்பைத் தானே அறிந்து, பிள்ளைகள் கவலைப்படுவார்களே என்று அவர்களுக்கு முன் அறியாதவள் போல் கிடக்கிறாள். ஒரே வீட்டில் எல்லோரும் தனித்தனியே அழுகிறார்கள்.

எல்லாவற்றையும் எல்லோரிடமும் ஒரே நாளில் கொட்டிவிடவேண்டும் என்பதல்ல. உண்மையையும் மருந்தைப் போல அளவறிந்து கொடுக்கவேண்டும். நோயாளி எதை அறிய விரும்புகிறார் என்று முதலில் அவரிடமே மெதுவாய்க் கேட்கலாம். கேட்டால் பொய் சொல்லாதிருக்கலாம். அறிய விரும்பாதவரை அறியும்படி வருத்தாமல் இருக்கலாம். எதையும் ஒருவர் தனித்து முடிவு செய்யாமல், குடும்பத்தவரும் வைத்தியரும் பங்குத்தந்தையும் கலந்து பேசலாம். மன்னிப்புக் கேட்கவும், கடன் தீர்க்கவும், பிள்ளைகளை ஆசீர்வதிக்கவும், தேவதிரவிய அனுமானங்களைத் தெளிந்த புத்தியோடு பெறவும் அவர்களுக்கு நாட்களை விட்டுவைப்பது, அன்பு செய்யக்கூடிய பெரிய உதவி.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், யூதமக்கள்மேல் வெறுப்புக் காட்டுவதை எவர் செய்யினும் எக்காலத்தில் செய்யினும் வருந்திக் கண்டித்தது. 1986 ஏப்பிரல் 13ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் உரோமையின் பெரிய செபக்கூடத்துக்குச் சென்று, அதன் தலைமை ரபியான எலியோ தோவாவைத் தழுவிக்கொண்டு, யூதரை நம் மூத்த சகோதரர் என்று ஏற்றுப் பேசினார். மூத்த சகோதரர் பட்ட பாட்டிலிருந்து இளையவர்கள் பாடம் கற்கவேண்டும். இந்த வாரம் குடும்ப செபமாலை சொல்லும்போது, தெரேசியன்ஸ்ராட்டில் இருந்து எங்கே போகிறோம் என்று அறியாமல் வண்டி ஏறிய அந்த ஆத்துமாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். அறிந்திருந்தும் சொல்ல முடியாமல் நின்ற அந்த முதிய போதகரையும் நினைத்துக்கொள்ளுங்கள். செபம் முடிந்தபின், உங்கள் வீட்டில் யாரிடம் எந்த உண்மை இன்னும் சொல்லப்படாமல் இருக்கிறது என்று சற்று எண்ணிப்பாருங்கள்.